பெண்பிள்ளை சிரிக்க வைத்தால் குடியா முழுகிவிடும்?



ஒவ்வோர் ஆண்டும் மே 26, அக்டோபர் 10 ஆகிய இரு நாள்களிலும் நம் புலனக் குழுக்களில் ஒரே செய்தி சுற்றி வரும். முன்னது 'ஆச்சி' மனோரமா 1937ஆம் ஆண்டு பிறந்த நாள். பின்னது அவர் 2015ஆம் ஆண்டு சென்னையில் மறைந்த நாள். அந்தச் செய்தியில் என்ன இருக்கும் என்பது உங்களுக்கே மனப்பாடமாக இருக்கும். ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்தவர். ஐந்து முதலமைச்சர்களுடன் நடித்தவர். அவ்வளவுதான்! 'எனக்குப் பிடித்த கலைஞர்' என்று மாணவர்களைக் கட்டுரை எழுதச் சொன்னாலும் இந்த இரண்டு வரிகளே திரும்பி வருகின்றன.

செய்தி பொய்யன்று. அண்ணா, கலைஞர் கருணாநிதி ஆகிய இருவருடன் நாடக மேடையிலும், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ராமாராவ் ஆகிய மூவருடன் திரைப்படத்திலும் அவர் நடித்திருக்கிறார். ஆனால், எண்ணிப் பாருங்கள்! ஓர் அம்மையார் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் உழைத்த உழைப்பை, அவர் யார் பக்கத்தில் நின்றார் என்பதைக் கொண்டா அளப்பது? பக்கத்தில் நின்றவர்களின் பதவியை எண்ணுகிறோம். நின்றவரின் திறமையைப் பற்றி ஒரு வரி எழுத நமக்குச் சொல் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை? அவர் செய்தது நகைச்சுவை. அதையும் ஒரு பெண் செய்தார். பெண் செய்யும் நகைச்சுவையை ஒரு கலையாக மதிக்க நாம் இன்னும் பழகவில்லை. இதுதான் உண்மை. கசந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பள்ளி மேடையில் நடப்பது என்ன?

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பரிசளிப்பு விழா, ஆசிரியர் தினம், பொங்கல் விழா என்று ஆண்டு முழுவதும் மேடைகளுக்குக் குறைவில்லை. நான் பார்த்த மேடைகளில் பெரும்பாலும் ஒரே ஏற்பாடுதான். பெண்பிள்ளைகளுக்கு நடனம், வரவேற்புப் பாடல், குத்துவிளக்கு. நாடகத்தில் சிரிப்பு மூட்டும் பாட்டி வேடம் வந்தால், அதை ஓர் ஆண்பிள்ளைக்குச் சேலை கட்டிக் கொடுத்து விடுவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பள்ளியில் இதை நேரில் கண்டேன். சந்தையில் மீன் விற்கும் பாட்டியின் வேடம். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி முதல் நாள் வாசிப்பிலேயே அதைப் பிடித்துக் கொண்டாள். எங்கே மூச்சை நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லை இழுக்க வேண்டும், பேரம் பேசுபவன் திரும்பி நடக்கும்போது குரலை எப்படி இறக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மறுநாள் அவளுடைய தாயார் வந்தார். "டீச்சர், எம் பொண்ணுக்குக் கோமாளி வேஷம் வேணாம். நாலு பேரு கேலி பண்ணுவாங்க. டான்ஸ்ல போட்டுடுங்க" என்றார். நிருவாகமும் தலையாட்டியது. நான் எடுத்துச் சொன்னது எடுபடவில்லை.

அந்த வேடம் ஒரு பையனுக்குப் போயிற்று. விழாவன்று அவன் சேலையோடு மேடையேறியதுமே கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு சேலைக்காக! அந்தப் பாட்டி பேசிய ஒரு வரிகூட யார் காதிலும் ஏறவில்லை. பாட்டியைப் பேச வைக்கத் தெரிந்தவளோ கையில் விளக்கேந்திப் பின்வரிசையில் நின்றாள்.

இது ஒரு சின்னச் செய்தி என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தச் சிறுமி அன்று கற்ற பாடம் எந்தப் பாடநூலிலும் இல்லாத பாடம். 'உன்னிடம் இருக்கும் திறமை வெளியே காட்டக் கூடாத திறமை' என்னும் பாடம்.

பள்ளத்தூரிலிருந்து புறப்பட்டவர்

இப்போது மனோரமாவின் கதைக்கு வருகிறேன். எண்களைத் தள்ளி வைத்துவிட்டுப் பாருங்கள்.

இயற்பெயர் கோபிசாந்தா. பிறந்தது மன்னார்குடி. தந்தையின் ஆதரவு இல்லாமற் போகவே, தாயார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காரைக்குடிக்கு அருகிலுள்ள பள்ளத்தூருக்கு வந்தார். வீட்டு வேலை செய்து மகளைக் காப்பாற்றினார். தாயார் நோயில் விழுந்தபோது, பதினொரு வயது அளவில் பிள்ளையின் படிப்பு நின்றது. அவரும் வீட்டு வேலைக்குப் போனார்.

பள்ளத்தூர், செட்டிநாடு என்றதும் பினாங்கில் வாழும் நமக்கு அவை அயலூர்கள் அல்ல. பினாங்குத் தெருவில் கிட்டங்கி வைத்திருந்த நகரத்தார்கள் அந்தச் சீமையிலிருந்துதான் கப்பலேறி நம் துறைமுகத்தில் வந்திறங்கினார்கள். தண்ணீர்மலையில் கோவில் எழுப்பியவர்களும் அவர்களே. 'ஆச்சி' என்பது அவர்கள் வீட்டுப் பெண்மணிகளை மதிப்போடு அழைக்கும் சொல். அந்த ஊரில் வீட்டு வேலை செய்து வளர்ந்த ஒரு பெண்ணுக்குப் பின்னாளில் தமிழுலகமே அந்தச் சொல்லைத் தந்தது. செட்டிநாட்டுப் பேச்சை அவர் அவ்வளவு இயல்பாகப் பேசிக் காட்டியதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. யாரும் பட்டமளிப்பு விழா நடத்திக் கொடுத்த பெயரன்று.

நாடகம் அவரைப் பிள்ளைப் பருவத்திலேயே இழுத்துக் கொண்டது. 'மனோரமா' என்ற பெயரும் நாடகத்தில் கிடைத்ததுதான். உடன் நடித்தவரை மணந்தார், ஒரு மகன் பிறந்தான், மணவாழ்வு நிலைக்கவில்லை. கைக்குழந்தையோடும் தாயோடும் மீண்டும் மேடையே கதி என்றாயிற்று. எஸ்.எஸ். இராசேந்திரனின் நாடகக் குழுவில் 'மணிமகுடம்' போன்ற நாடகங்களில் அவர் கதாநாயகி. அதாவது, நகைச்சுவைக்கு வந்தவர் வேறெதுவும் வராததால் வந்தவரல்லர்! இதைப் பெற்றோர்கள் குறித்துக் கொள்ளுங்கள்.

1958ஆம் ஆண்டு கவியரசர் கண்ணதாசன் தாம் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' படத்தில் அவருக்கு நகைச்சுவை வேடம் தந்தார். கதாநாயகியாக வந்தால் சில ஆண்டுகளில் ஒதுக்கி விடுவார்கள், நகைச்சுவை என்றால் நெடுங்காலம் நிலைக்கலாம் என்று கவியரசர் சொன்னதை அம்மையார் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். 1963ஆம் ஆண்டு மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் நடித்துவிட்டார். ஆனால், அவர் நிலைத்தது கண்ணதாசன் காட்டிய வழியில்தான்.

சிரிப்புக்குப் பின்னால் இருந்த கல்வி

1968ஆம் ஆண்டு வெளிவந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தை எடுத்துக் கொள்ளுங்கள். சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ் என்று மாமலைகள் நிற்கும் படம். அதில் ஜில் ஜில் ரமாமணி என்ற நாடகக்காரியாக மனோரமா வருகிறார். ஊர் ஊராகப் போய் ஆடிப் பிழைக்கும் பெண். அவள் பேசினால் சிரிப்பு வருகிறது. அவள் மனம் புரியும்போது நமக்குத் தொண்டை அடைக்கிறது. நாடகக்காரியின் வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்தவர் அல்லவா! கதைத் தலைவியின் பெயரைத் தாங்கிய படத்தில், ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் மக்கள் நாவில் ரமாமணியின் பெயரும் நிற்கிறதென்றால் அஃது எளிய செயலா?

அதே 1968இல் 'பொம்மலாட்டம்' வந்தது. அதில் சென்னைச் சேரித்தமிழைப் பேசியதோடு, சொந்தக் குரலில் பாடவும் செய்தார். 1992இல் வந்த 'சின்ன கவுண்டர்' படத்தில் கொங்குநாட்டுத் தாயாக மாறினார். செட்டிநாடு, சென்னை, கொங்கு என ஒவ்வொரு வட்டாரத்துத் தமிழும் அவர் வாயில் அந்தந்த மண்ணோடு வந்தது. மெகமூதுடன் 'குன்வாரா பாப்' (1974) என்ற இந்திப் படத்திலும் நடித்திருக்கிறார். பதினொரு வயதில் பள்ளியை விட்ட ஒருவருக்கு இத்தனை வழக்குகளும் எப்படி வசப்பட்டன? காதால் கற்றார்! கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார்.

1986ஆம் ஆண்டு விசு இயக்கிய 'சம்சாரம் அது மின்சாரம்' படத்தில் அவர் ஏற்றது வேலைக்காரி கண்ணம்மாவின் வேடம். படித்தவர்கள் நிறைந்த குடும்பத்தில் முடிச்சு விழும்போது அதை அவிழ்க்கும் துணிச்சல் அந்த வேலைக்காரிக்குத்தான் இருக்கிறது. சிறுவயதில் உண்மையாகவே வீட்டு வேலை செய்தவர், அந்த வேடத்தில் இரக்கத்தைப் பிச்சையாகக் கேட்கவில்லை; தலைநிமிர்ந்து நின்று வெளுத்து வாங்கினார். திரையரங்கம் கைதட்டியது.

'புதிய பாதை' (1989) படத்திற்காகச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது பெற்றார். 2002இல் பத்மசிறீ விருதும் வந்தது. நம் பேச்சுப் போட்டிகளில் இவற்றையும் பட்டியலாக ஒப்பிப்போம். ஆனால், பெண்பிள்ளைக்கு அந்த வேடத்தை மட்டும் கொடுக்க மாட்டோம்!

அவருக்கு முன்னரும் ஒருவர் இருந்தார்

நகைச்சுவை செய்யும் பெண் பொறுப்பில்லாதவள், குடும்பத்துக்கு ஆகாதவள் என்று எண்ணுவோர்க்கு டி.ஏ. மதுரம் அம்மையாரை நினைவூட்டுகிறேன். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் துணைவியார்; அவருக்கு ஈடாக நின்று நகைச்சுவை செய்தவர். இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944ஆம் ஆண்டு இறுதியில் கலைவாணர் கைதானபோது, குடும்பமும் நாடகக் குழுவும் நடுத்தெருவுக்கு வரும் நிலை. அந்த அம்மையார் கலங்கி மூலையில் உட்காரவில்லை. குழுவைக் கட்டிக் காத்தார்; வழக்குக்குப் பொருள் திரட்டினார். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947ஆம் ஆண்டு கலைவாணர் விடுதலையானார். திரையில் பிறரைச் சிரிக்க வைத்த அதே பெண்மணிதான் இத்தனையும் செய்தார். இதற்கு மேலும் என்ன பொறுப்பு வேண்டும்?

மூன்று மறுப்புகளும் என் விடைகளும்

முதல் மறுப்பு: "சினிமாக்காரர்களை எதற்குப் பள்ளிக்குள் கொண்டு வருகிறீர்கள்?"

ஐயா, அம்மா, நம் பிள்ளைகள் பள்ளி விழாக்களில் ஆடும் ஆட்டங்களில் எத்தனை திரைப்படப் பாடல்களுக்கு ஆடப்படுகின்றன என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். சினிமா ஏற்கெனவே உள்ளே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது. பொருள் தெரியாத பாடலுக்குப் பிள்ளையை இடுப்பை வளைக்கச் சொல்லும்போது வராத கவலை, ஒரு பாட்டியைப் போல் பேசிக் காட்டச் சொல்லும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது?

நம் பினாங்கில் பிறந்தவர் பி. ரம்லி. 1929ஆம் ஆண்டு இங்கே பிறந்து, பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் பயின்றவர். 'போஜாங் லாப்போக்' (1957) போன்ற நகைச்சுவைப் படங்களை இயக்கி நடித்தவர். அவர் பிறந்த வீடு இன்று நினைவில்லம். ஒரு சாலைக்கு அவர் பெயர். மலாய்ச் சமூகத்தார் தம்மைச் சிரிக்க வைத்தவரைப் பெருங்கலைஞராகத் தம் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்கிறார்கள். அதே ஊரில் வாழும் நமக்கு மட்டும் நகைச்சுவை என்றால் ஏன் இவ்வளவு இளக்காரம்?

இரண்டாவது மறுப்பு: "வட்டார வழக்கைப் பேச விட்டால் செந்தமிழ் கெட்டுவிடும்."

நல்ல தமிழ் வேண்டும் என்று பல்லாண்டுகளாக வலியுறுத்தி வருபவள் நான். அந்த உரிமையோடு சொல்கிறேன்: இந்த அச்சம் வேண்டாதது. தமிழ்மொழிப் பாடத்தில் எழுத்துக்கும் இலக்கணத்துக்கும் முன்னால் வைக்கப்பட்டிருப்பது கேட்டலும் பேச்சும். கேட்கத் தெரியாத பிள்ளைக்குப் பேச வராது; பேச வராத பிள்ளை எழுதும் கட்டுரை மனப்பாடக் கட்டுரையாகத்தான் இருக்கும். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டோடு நீக்கப்பட்டுவிட்டது. தேர்வுக்காக மாதிரிக் கட்டுரைகளை ஒப்பிக்க வைத்த காலம் போன பிறகும், பிள்ளையின் வாயைத் திறக்க விடாமல் நாம் எதைக் காப்பாற்றப் போகிறோம்?

பினாங்கின் தமிழே ஒரு தமிழன்று. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களின் தமிழ், தோட்டப்புறத்துத் தமிழ், நகரத்தார் தமிழ், தமிழ் முசுலிம்களின் தமிழ் எனப் பல தமிழ்கள் இங்கே ஒன்றாகப் புழங்கின. தாத்தா பாட்டியரோடு அவை ஒவ்வொன்றாக மறைகின்றன. பாட்டியின் பேச்சைப் பேசிக் காட்டத் தெரிந்த பிள்ளை, செந்தமிழைக் கெடுக்கவில்லை; தன் குடும்பத்தின் தமிழைக் காதில் சேமித்து வைத்திருக்கிறாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது முதலில் வைத்தது எதை? நகையை! அந்த நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கையும் வகுத்துக் காட்டினார். நம் முதல் இலக்கண நூல் வகுத்து ஆராய்ந்த ஒன்றை நாம் 'கோமாளித்தனம்' என்று ஒதுக்குவது தமிழ்ப்பற்றா?

மூன்றாவது மறுப்பு: "பெண்பிள்ளை வாயாடியாகிவிடுவாள். நாலு பேர் என்ன சொல்வார்கள்?"

இந்த நாலு பேரை நானும் தேடிக்கொண்டே இருக்கிறேன். இதுவரை கண்ணில் படவில்லை. மேடையில் வாய் திறந்து பேசப் பழகிய பெண், நாளை நேர்காணலிலும் பேசுவாள்; அநியாயம் நடந்தால் அங்கேயும் பேசுவாள். நாம் அஞ்சுவது உண்மையில் இதற்குத்தானோ என்ற ஐயம் எனக்கு உண்டு. அடக்கம் என்பது நாவை ஆளும் ஆற்றல். நாவே இல்லாதது போல் வளர்ப்பதற்குப் பெயர் அடக்கமன்று.

எல்லாச் சிரிப்பும் சிரிப்பாகாது

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. திரைப்படங்கள் காட்டும் நகைச்சுவை எல்லாவற்றையும் நான் தூக்கிப் பிடிக்கவில்லை. ஒருவர் நிறத்தை, பருமனை, திக்குவாயைக் கேலிசெய்து பிழைக்கும் காட்சிகள் தமிழ்த் திரையில் ஏராளம். பெரிய நடிகர்களின் படங்களும் அதற்கு விலக்கன்று. அவற்றை அப்படியே பள்ளி மேடைக்குக் கொண்டுவந்தால், அரங்கில் உட்கார்ந்திருக்கும் ஏதோ ஒரு குழந்தையின் முகம் சுருங்கும். ஆண்பிள்ளைக்குச் சேலை கட்டிச் சிரிக்க வைப்பதும் அந்த வகையைச் சேர்ந்த சோம்பேறிச் சிரிப்புதான். அதற்கு எழுத்தும் தேவையில்லை, நடிப்பும் தேவையில்லை, துணி மட்டும் போதும்.

அளவுகோல் எளிது. மேடையில் இருப்பவரைப் பார்த்துச் சிரிக்கிறோமா, அவர் சொன்னதைக் கேட்டுச் சிரிக்கிறோமா? கண்ணம்மாவின் வேலையையோ ஏழ்மையையோ பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அவள் வாயிலிருந்து வந்த உண்மையைக் கேட்டுத்தான் சிரித்தார்கள். ஆசிரியர்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

என்ன செய்யலாம்?

ஆசிரியப் பெருமக்களுக்கு:

1. அடுத்த நாடகத்தில் பாட்டி வேடத்தைப் பெண்பிள்ளைக்கே கொடுங்கள். நகைச்சுவை வேடத்துக்கும் குரல்தேர்வு வையுங்கள். யாருக்கு வருகிறதோ, அவருக்கே கொடுங்கள்.

2. நாடகத்தை இணையத்திலிருந்து எடுக்காமல் மாணவர்களையே எழுதச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள மூத்தோர் ஒருவரின் பேச்சை ஒரு வாரம் கேட்டு, பத்து வரிகள் எழுதி வரட்டும். கேட்டல், பேச்சு, எழுத்து மூன்றும் அதில் அடங்கிவிடும்.

3. மனோரமாவைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், எண்களையும் முதலமைச்சர்களையும் விலக்கி எழுதச் சொல்லுங்கள். ஒரு காட்சியைப் பார்த்து, அதில் அவர் என்ன செய்தார் என்று எழுதட்டும்.

பெற்றோர்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான். உங்கள் மகள் வீட்டில் அத்தையைப் போலவும் அண்டை வீட்டாரைப் போலவும் பேசிக் காட்டும்போது நீங்கள் எல்லாரும் சிரிக்கிறீர்கள். சிரித்து முடித்ததும், "சரி சரி, வெளியில போய் இப்படிப் பண்ணாதே" என்கிறீர்கள். அந்தக் கடைசி வரியை மட்டும் விட்டுவிடுங்கள்.

பள்ளத்தூரில் வேலைக்குப் போன சிறுமியை யாரேனும் அன்று "பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று அடக்கி வைத்திருந்தால், அவர் காலமெல்லாம் பிறர் வீட்டுப் பாத்திரம் துலக்கியிருப்பார், தமிழுலகம் சிரிப்பில் பாதியை இழந்திருக்கும். அன்று அவர் குடும்பத்தை அந்தச் சிரிப்பே சோறு போட்டுக் காத்தது. குடி முழுகவில்லை, குடி தழைத்தது.

அந்த மீன்காரப் பாட்டியின் குரலைக் கொண்ட மாணவி இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். அவளைப் போன்ற ஒருத்தி உங்கள் வகுப்பிலும் நிச்சயம் இருப்பாள். அடுத்த நாடகத்துக்கு வேடம் பிரிக்கும்போது அவளை முதலில் கூப்பிடுங்கள்.